விழக் கற்பிப்பதா, பறக்கக் கற்பிப்பதா?

பயிற்சி என்னும் சொல்லை நம்மில் கையாளாதவர் இல்லை. ஆனால் எதை, எங்கே, எந்த அளவில், யாருடைய துணையோடு பயில்வது என்ற வினாவை எழுப்பாமலேயே அச்சொல்லைக் கையாண்டு பழகிவிட்டோம். ஆசிரியத் தொழிலில் இப்பழக்கத்துக்குக் கொடுக்கும் விலை, ஒரு மாணவனின் வீணாய்ப்போன ஓராண்டு. வேறு சில தொழில்களில் அதன் விலை உயிர். அத்தகைய தொழில் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை பேசப் புகுகின்றது.

சென்ற தீபாவளியன்று, பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் வீடு தேடி வந்திருந்தார். இன்று அவர் இரட்டை இயந்திர டர்போபிராப் விமானமொன்றில் துணை விமானி. கூடத்தில் அமர்ந்திருந்த உறவினர் ஒருவர், "இனிமேல் விமானி ஆவதற்கு விமானமே வேண்டாமாமே தம்பி? எல்லாவற்றையும் பெட்டிக்குள் உட்கார்ந்தே படித்துவிடலாமாமே?" என்று பேச்சைத் தொடங்கினார். பணி ஓய்வு பெற்ற என் நண்பர் உடனே மறுத்தார்: "ஆற்றில் தள்ளிவிட்டால்தான் நீச்சல் வரும். உண்மையான ஆபத்தைக் காட்டாத பயிற்சி என்ன பயிற்சி?" இளைஞர் சற்றுத் தயங்கினார். "ஐயா, சிமுலேட்டரில் ஓர் இயந்திரத்தை நிறுத்தியபோது என் கால் நடுங்கவில்லை. வானத்தில் ஆசிரியர் ஓர் இயந்திரத்தின் விசையைக் குறைத்தபோது நடுங்கியது" என்று மட்டும் சொன்னார். அந்நடுக்கம் வேண்டாமே என்பதற்குத்தான் சிமுலேட்டர் என்றார் உறவினர். அந்நடுக்கம்தான் கல்வி என்றார் நண்பர். இருவரும் தத்தம் கட்சி வென்றதாக மகிழ்ந்து பலகாரத் தட்டின் பக்கம் திரும்பிவிட்டனர்.

இருவர் கட்சியும் தவறு என்பதே என் துணிபு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறுகளைத் தரையிலுள்ள பாவனைப் பொறியிலேயே செய்து பார்க்க வேண்டும். வானம் மட்டுமே கற்பிக்கக்கூடியதை வானத்திலேயே கற்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டுபவர், எந்த நியாயத்தைக் கூறிக்கொண்டு கட்டினாலும், பயிலும் விமானியின் உயிரைப் பணயம் வைக்கிறார். இதனை நிறுவ முயல்கின்றேன்.

இயந்திரம் ஒன்று ஓயும்போது

டர்போபிராப் என்பது, ஜெட் விமானத்தில் உள்ளதைப் போன்ற வளிச்சுழலி இயந்திரத்தைக் கொண்டு புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறியைச் சுழற்றிப் பறக்கும் விமானம். சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 அவ்வகையைச் சேர்ந்தது. சரவாக்கின் உட்பகுதியில் பாரியோ போன்ற மேட்டுநில ஊர்களின் குறுகிய ஓடுதளங்களில் இறங்கும் ட்வின் ஓட்டரும் அவ்வகையே. எனவே, இது நமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது.

இரட்டை இயந்திர விமானம் தரையைவிட்டு எழும் வேளையில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன நேரும்? விமானம் உடனே விழுந்துவிடுவதில்லை. ஆனால் இயங்கும் இயந்திரம் ஒருபக்கமாக இழுப்பதால், விமானத்தின் மூக்கு ஓய்ந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பும். விமானி சுக்கான் மிதியைக் காலால் அழுத்தி அதனை நேர்ப்படுத்த வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டாலோ, எவ்வளவு அழுத்தினாலும் சுக்கானால் அந்த இழுப்பைத் தாங்க இயலாது. விமானம் கவிழும்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஓய்ந்த இயந்திரத்தின் விசிறி சும்மா இருப்பதில்லை. எதிர்க்காற்று அதனைச் சுழற்றும். சுழலும் அவ்விசிறி பெரிய தட்டு ஒன்றைக் காற்றுக்கு எதிராக நீட்டிப் பிடித்ததுபோல் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் அவ்விசிறியின் அலகுகளைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பு மட்டும் காட்டுமாறு செய்கின்றனர். இதற்கு 'ஃபெதர்' செய்தல் என்று பெயர். பல விமானங்களில் இது தானாகவே நிகழ்ந்துவிடும்.

இப்போது பயிற்சி ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் நின்றுவிட்டதுபோல் காட்ட அவர் ஒரு விசை நெம்புகோலைப் பின்னுக்கு இழுக்கிறார். எவ்வளவு இழுப்பது? விசிறி முன்னுக்கும் இழுக்காமல் பின்னுக்கும் இழுக்காமல் இருக்கும் ஒரு நிலை உண்டு. அதனைச் சுழிய இழுவை நிலை என்பர். அங்கே நிறுத்தினால், முறையாக ஃபெதர் செய்யப்பட்ட விசிறியின் நிலையை அது ஒத்திருக்கும். அதனையும் தாண்டிக் கடைசிவரை இழுத்துவிட்டால், விசிறி ஃபெதர் ஆகாத நிலையில் காற்றைத் தடுத்து நிற்கும். மாணவர் இப்போது சந்திப்பது ஓர் இயந்திரக் கோளாறை அன்று. இயந்திரமும் ஓய்ந்து, ஃபெதர் அமைப்பும் பழுதான இரட்டைக் கோளாறை! நெம்புகோலின் சிறு அசைவு ஒன்று பாடத்தை விபத்தாக்கிவிட வல்லது.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

இது வெறும் கற்பனை அச்சமன்று. நமக்கு அண்மையிலுள்ள ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த மூன்று விபத்துகளை மட்டும் காண்போம்.

1995 செப்டம்பர் 16ஆம் நாள் இரவு, தாம்வொர்த் நகரில் மெட்ரோ 3 ரக டர்போபிராப் ஒன்று பயிற்சிக்காக எழுந்தது. எழும் வேளையிலேயே ஓர் இயந்திரம் ஓய்ந்ததுபோல் காட்டப்பட்டது. விமானம் மேலேறவில்லை. மூவரில் இருவர் மாண்டனர்.

2010 மார்ச் 22ஆம் நாள் டார்வினில், எம்பிரேயர் 120 பிரசிலியா விமானத்தில், தகுதியைப் புதுப்பிக்கும் சோதனைக்காக இரு விமானிகள் புறப்பட்டனர். தரையைவிட்டு எழுந்த சில நொடிகளில் இடப்புற இயந்திரத்தின் நெம்புகோல் கடைசிவரை பின்னுக்கு இழுக்கப்பட்டது. சுழிய இழுவை நிலையில் நிறுத்தப்படவில்லை. விமானம் இடப்புறம் சாய்ந்து விழுந்தது. இருவரும் உயிரிழந்தனர்.

2017 மே 30ஆம் நாள் தென் ஆஸ்திரேலியாவின் ரென்மார்க்கில், செஸ்னா 441 விமானத்தில் மூவர் பறந்தனர். புதிதாகச் சேர்ந்த விமானியின் திறனைச் சோதிக்கும் பறப்பு அது. எழுந்தவுடன் இயந்திர ஓய்வுப் பாவனை. எதிர்பார்த்த ஏற்றம் கிட்டவில்லை. தரைக்கு மிக அருகில் இருந்ததால் மீட்க இடமில்லை. மூவரும் மாண்டனர்.

இம்மூன்றிலும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். எந்த இயந்திரமும் தானாக நிற்கவில்லை. புயலில்லை, பகைவரில்லை. இருக்கையில் அமர்ந்திருந்தவர்கள் அனுபவமற்ற சிறுவர்களும் அல்லர். ஒருவருக்கு மற்றொருவர் கற்பிக்கவோ, ஒருவரை மற்றொருவர் சோதிக்கவோ முற்பட்டபோது நேர்ந்த மரணங்கள் இவை. எந்த ஆபத்திலிருந்து காப்பாற்ற அப்பயிற்சி ஏற்பட்டதோ, அந்த ஆபத்தை அப்பயிற்சியே வரவழைத்தது.

ஆற்றில் தள்ளிவிட்டால்தான் நீச்சல் வரும் என்று கூறிய என் நண்பரை இப்போது கேட்கிறேன்: தள்ளிவிட்டவரும் உடன் மூழ்கிய பிறகு, நீச்சல் கற்றவர் யார்? டார்வின் விபத்துக்குப் பின் அவ்விமான நிறுவனமே இத்தகைய சோதனைகளில் பெரும்பகுதியைத் தரைக்கு மாற்றிக்கொண்டது. இரண்டு உயிர்கள் போகும்வரை அம்மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதே வருத்தத்துக்குரியது.

"சிறிய விமானங்களுக்குப் பாவனைப் பொறி எளிதில் கிடைப்பதில்லையே, வெளிநாட்டுக்கு அனுப்பினால் செலவு ஆகுமே, என்ன செய்வது?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாதான். ஆனால் அதற்கு விடையும் உண்டு. வானத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 5,000 அடி உயரத்தையே தரை என்று கருதிக்கொண்டு, அங்கே புறப்பாட்டு வேகத்தை அமைத்து, அங்கே இயந்திரத்தைக் குறைத்துக் காட்டலாம். தவறு நேர்ந்தால் விமானம் கற்பனைத் தரைக்குக் கீழே இறங்கும். உண்மைத் தரை அதற்கும் வெகு ஆழத்தில் இருக்கும். மாணவர் வெட்கப்படுவார், உயிரோடு வெட்கப்படுவார். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது, ஓடுதளத்தின் மேலேயே அதனைச் செய்து காட்டுவேன் என்பது வீரமன்று, பொறுப்பின்மை.

பொறியே போதுமா?

அப்படியானால், உறவினர் சொன்னதுபோல் பெட்டிக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாமா? முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

2009 பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நியூவர்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கியூ400 ரக டர்போபிராப் விமானத்தில், இறங்கும் வேளையில் வேகம் குறைந்துகொண்டே வந்தது. சிறகுகள் தாங்கும் ஆற்றலை இழக்கப் போகின்றன என்று எச்சரித்துக் கட்டுப்பாட்டுத் தண்டு தானே அதிர்ந்தது. அந்நேரத்தில் தண்டை முன்னுக்குத் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். தலைமை விமானியோ பின்னுக்கு இழுத்தார். மூக்கைத் தாழ்த்துவதற்கென்றே அமைந்த கருவி தண்டை முன்னுக்குத் தள்ளியபோதும், அதனோடு போராடி இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் வீட்டுக்குள் இருந்த ஒருவரும் மாண்டனர்.

அவர் பாவனைப் பொறியில் பயிலாதவர் அல்லர். பயின்றார், தேறினார். ஆனால் அங்கே, இப்போது இது வரப்போகிறது என்று முன்னரே அறிந்து செய்த பயிற்சி அது. எதிர்பாராத வேளையில் சிறகு ஆற்றலிழப்பதை எதிர்கொள்ளவும், மூக்கைத் தாழ்த்தும் கருவி இயங்கும்போது செய்யவேண்டியதைச் செய்யவும் அப்பயிற்சி அவரை முழுமையாக ஆயத்தப்படுத்தவில்லை. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவன் பெறும் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இது பயிற்றுவித்தவரின் குறை மட்டுமன்று. பொறிக்கே உள்ள ஓர் எல்லையும் இதில் உண்டு. பாவனைப் பொறி ஆறு கால்களின் மேல் நின்றுகொண்டு சாயும், குலுங்கும், ஏமாற்றும். ஆனால் உடலின் எடையை நீண்ட நேரம் மாற்றிக்காட்ட அதனால் இயலாது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தில் மனிதனின் எடை இரு மடங்காகும். கை கனக்கும்; தலை தாழும்; வயிறு அமுங்கும். இருக்கையிலிருந்து உடல் எழும்பும் கணத்தில், முன்னுக்குத் தள்ள வேண்டிய கை தன்னையறியாமல் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பை அடக்கக் கற்பது உடல் கற்கும் பாடம். தரையில் அதற்கு வகுப்பறை இல்லை.

இதனை உணர்ந்தே, 2019 டிசம்பர் முதல், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் விதிகள் வணிக விமானியாக விழைவோருக்கு ஒரு தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. நிலைகுலைந்த விமானத்தை மீட்பதற்கான அப்பயிற்சியில் குறைந்தது 5 மணி நேரம் கோட்பாட்டுப் பாடம். குறைந்தது 3 மணி நேரம், ஆசிரியரோடு, உண்மையான விமானத்தில், உண்மையான வானத்தில். மூன்று மணி நேரம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதனைப் பொறியிலேயே முடித்துக்கொள்ள விதி இடந்தரவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

சிங்கப்பூர் ஆகாயப் படையும் 2008 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில் தன் பயிற்சி விமானிகளைப் பிலாட்டஸ் பி.சி.-21 என்னும் அதிவிரைவு டர்போபிராப்பில் பழக்கிவந்துள்ளது. அங்கும் தரைப் பொறியும் விமானமும் ஒரே பாடத்திட்டத்தின் இரு கைகள். ஒரு கையை வெட்டிவிட்டு மற்றொரு கை போதும் என்று அவர்கள் வாதாடவில்லை.

குற்றம் விமானத்திலா, கற்பித்தலிலா?

ஒழுங்கான பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு மிட்சுபிஷி எம்.யூ.-2 விமானத்தின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1963இல் முதன்முதலாகப் பறந்த இந்த ஜப்பானிய இரட்டை இயந்திர டர்போபிராப் விரைவு மிக்கது. நடத்தையில் மற்றவற்றினின்றும் வேறுபட்டது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கச் சிறகின் விளிம்பில் மற்ற விமானங்களுக்கு இருக்கும் ஏலரான் இதற்கு இல்லை. சிறகின் மேற்புறத்தில் எழும் ஸ்பாய்லர் தகடுகளே அவ்வேலையைச் செய்கின்றன. ஸ்பாய்லர் எழுந்தால் அப்பக்கச் சிறகின் தாங்குதிறன் குறையும். ஓர் இயந்திரம் ஓய்ந்த வேளையில், மற்ற விமானத்தில் பழகிய கை இங்கும் அதே பழக்கத்தில் தண்டைத் திருப்பினால், நல்ல பக்கத்துச் சிறகின் ஆற்றலையும் அது கெடுத்துவிடும். பழைய பழக்கமே பகையாகும்.

விபத்துகள் பெருகின. இதனைத் தரையிறக்கி நிறுத்திவிட வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் எழுந்தது. 2005இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் விரிவான ஆய்வை மேற்கொண்டது. விமானத்துக்குத் தடை வரவில்லை. 2008இல் வந்தது பயிற்சி பற்றிய ஒரு சிறப்பு விதி. புதிதாக இதனை ஓட்டுவோர் 20 மணி நேரம் தரைப்பாடமும் 12 மணி நேரம் பறத்தல் பயிற்சியும் பெற வேண்டும். ஆண்டுதோறும் மீண்டும் பயில வேண்டும். எல்லா ஆசிரியரும் ஒரே பாடத்திட்டத்தையே பின்பற்ற வேண்டும். பெரிய பாவனைப் பொறியிலும் பயிலலாம், அவ்விமானத்திலேயும் பயிலலாம். ஆனால் எங்கே பயின்றாலும் எந்தப் பாடத்தை, எந்த முறையில் என்பது ஆசிரியரின் மனப்போக்குக்கு விடப்படவில்லை.

விளைவு என்ன? விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. அதே சிறகு, அதே இயந்திரம், அதே ஸ்பாய்லர். மாறியது கற்பித்தல் ஒன்றே. "இந்த மாணவனுக்கு எதுவும் ஏறாது" என்று கைவிரிக்கும் முன் நம்மில் ஒவ்வொருவரும் இவ்விமானத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

முத்திரையும் கல்வியும்

இவ்விரு கட்சியினரையும் பின்னின்று இயக்குவது எது என்று எண்ணிப் பார்க்கிறேன். விமானத்திலேயே எல்லாவற்றையும் செய்து காட்டு என்பவர், பொறிக்கு அனுப்பும் செலவை மிச்சம் பிடிக்க விரும்புகிறார். பொறியே போதும் என்பவர், விமானத்தின் எரிபொருட் செலவை மிச்சம் பிடிக்க விரும்புகிறார். ஒருவர் அதற்கு வீரம் என்று பெயரிடுகிறார். மற்றவர் முன்னேற்றம் என்று பெயரிடுகிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே கணக்குப் புத்தகம்.

அக்கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும்: "தேறினார்". அதன் மதிப்பு என்ன? 2015 பிப்ரவரி 4ஆம் நாள் தைப்பேயில், ஏ.டி.ஆர். 72-600 விமானம் எழுந்த சிறிது நேரத்தில் அதன் வலப்புற விசிறி தானாக ஃபெதர் ஆனது. இடப்புற இயந்திரம் நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது. தலைமை விமானி அந்த நல்ல இயந்திரத்தின் நெம்புகோலையே பின்னுக்கு இழுத்துவிட்டார். விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. இருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர். இயந்திரக் கோளாற்றைச் சமாளிப்பதில் அவருக்கு இருந்த தடுமாற்றம், முந்தைய பயிற்சிப் பதிவுகளிலேயே இடம்பெற்றிருந்ததை விசாரணை வெளிக்கொணர்ந்தது. தடுமாற்றத்தைக் கண்டார்கள், எழுதியும் வைத்தார்கள். ஆயினும் அவர் தலைமை இருக்கையில் அமர்ந்தார். கண்டதை எழுதுவது சோதகரின் வேலை. கண்டதைத் திருத்தும்வரை விடாதிருப்பது ஆசிரியரின் வேலை. அங்கே முன்னது நடந்தது, பின்னது முடியவில்லை.

நம் வகுப்பறைக்கு

தமிழாசிரியன் ஒருவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்பவர்க்கு என் கதையையே விடையாகக் கூறுவேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு நுண்கற்பித்தல் என்றொரு பயிற்சி இருந்தது. உடன்பயில்வோரையே மாணவராகப் பாவித்துப் பத்து நிமிடம் பாடம் நடத்துவோம். தவறினால் சிரிப்போம், மீண்டும் நடத்துவோம். அதுவே எங்கள் பாவனைப் பொறி. பிறகு உண்மையான பள்ளிக்கு அனுப்பப்பட்டோம். அங்கே முதல் வாரத்திலேயே, என்னை வழிநடத்த வேண்டிய ஆசிரியர் ஒருவர், ஒரு சொல்லும் சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியேறி, நாற்பது பிள்ளைகளோடு நான் திணறுவதைச் சன்னலோரம் நின்று பார்த்தார். பின்னர் என் குறைகளை வரிசையாகப் படித்துக் காட்டினார். அன்று நான் கற்றது கற்பித்தலை அன்று, அச்சத்தை. கல்லூரி அறையின் பத்து நிமிடங்களும் அந்த வகுப்பறைக்குப் போதவில்லை. அவ்வகுப்பறைதான் எனக்குத் தேவைப்பட்டது. ஆனால் பக்கத்து இருக்கையில் ஆசிரியர் ஒருவரும் தேவைப்பட்டார். அன்று எவர் உயிரும் போகவில்லை. அதனால்தான் நம் தொழிலில் இத்தகைய பிழைகள் பதிவாவதில்லை; விசாரணை நடப்பதில்லை; திருத்தமும் வருவதில்லை.

விமானத்தில் பயிற்றுவிக்கும் ஆசிரியருக்கு இருக்கையில் இரண்டாவது கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்று உண்டு. மாணவரைப் பிழை செய்ய விட வேண்டும். அப்பிழை மீளமுடியாத எல்லையைத் தொடும் முன் தன் கையை அத்தண்டில் வைக்க வேண்டும். அந்த எல்லை எங்கே என்பதைப் பாடம் தொடங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். மாணவரிடமும் அறிவித்திருக்க வேண்டும். அறியாதவர் அத்தண்டைத் தொடும் உரிமை அற்றவர்.

என் பழைய மாணவர் அன்று விடைபெறும்போது, அவர் கால் நடுங்கிய நாளில் ஆசிரியர் என்ன செய்தார் என்று கேட்டேன். "விமானம் நல்ல உயரத்தில் இருந்தது, ஐயா. அவர் கை நெம்புகோலை விட்டு அகலவே இல்லை. நடுக்கம் நிற்கும்வரை ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். பிறகு, 'மறுபடியும் செய்வோம்' என்றார்" என்று சொல்லி வணங்கினார்.

அந்த ஆசிரியர் யார், எந்த நாட்டவர் என்று நான் கேட்கவில்லை. நம் வகுப்பறைகளுக்கு வேண்டியவர் அவரே.